வராதவர்களின் பட்டியல்

ஏரியூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா மாதாமாதம் தன் மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் மனநல முகாமுக்கு வருவார். மகனுக்கு அப்போது 26 வயது. பெங்களூரில் பேக்கரி வேலைக்குப் போன இடத்தில், யாரோ தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது காதில் கேட்கிறது என்று சொல்லி வேலையை விட்டுவிட்டு வந்தவர். மருத்துவர் பார்த்து, இப்படிக் குரல் கேட்பதைக் கட்டுப்படுத்தும் ஃப்ளூபெனசின் என்ற மருந்தை மாதம் ஒரு ஊசியாகப் போடுவது என்று முடிவானது. ஏழெட்டு மாதத்தில் நன்றாகத் தேறிவிட்டார். மல்பெரி இலை வெட்டினார், தட்டு மாற்றினார், தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு அவரே கூடு எடுத்துப்போய் விற்றுவிட்டு வந்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள திரும்பி வந்துட்டான் கண்ணு" என்றார்.

அப்புறம் ஒரு நாள் ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து ஒரு காவலர் எனக்குப் போன் செய்தார். இரண்டு நாளாக அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த ஒருவரின் சட்டைப் பையில் மருந்து நோட்டு இருந்திருக்கிறது. அதன் அட்டையில் என் எண். ஆளை விசாரித்தேன். அவர்தான்.

அன்று ராத்திரி எங்கள் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, அவர் கடைசியாக எப்போது வந்தார் என்று தேடினேன். பக்கம் பக்கமாகத் திருப்பிக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று மாதமாக அவர் வரவே இல்லை. அந்த மூன்று மாதமும் நாங்கள் மேலே அனுப்பிய அறிக்கையில் பயனாளிகள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிருந்தது. புதிதாக வந்தவர்கள், வராமல் போனவர்களை மறைத்துவிட்டார்கள்.

நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் மனநலச் சமூகப் பணியாளர். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் மாத முகாம்களில் வேலை. இந்தத் துறைக்குத் தொழில்நுட்பம் என்ன செய்யும், தரவு என்ன செய்யும் என்று இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தது மேலே சொன்ன அந்த ஒரு ராத்திரியிலிருந்து தொடங்கியது. எங்களிடம் வந்தவர்கள் பற்றிய தகவல் மலைபோல் இருந்தது. வராதவர்கள் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதன்பிறகு நாங்கள் செய்ததெல்லாம் அந்த ஒரு வரியை எழுத முயன்றதுதான்.

மாத ஊசிக்கு ஒரு குணம் உண்டு. மாத்திரையை நிறுத்தினால் சில நாளில் தூக்கம் கெடும், வீட்டில் கவனித்துவிடுவார்கள். ஊசி தவறினால் மறுநாள் ஒன்றும் தெரியாது. மருந்து உடம்பிலிருந்து மெல்ல மெல்லத்தான் இறங்கும். "ஊசி போடாமலே நல்லாத்தான இருக்கான்" என்று வீட்டாருக்கு நம்பிக்கை வந்த பிறகுதான் நோய் திரும்புகிறது. அதனால் தவறிய அந்த வாரத்திலேயே நமக்குத் தெரிய வேண்டும். மூன்று மாதம் கழித்துத் தெரிந்தால், போலீஸ்காரர் சொல்லித்தான் தெரியும்.

எங்கள் பதிவேடு ஏன் அதைச் சொல்லவில்லை? அது நாள்வாரியாக எழுதப்பட்டது. முகாம் நாள், கீழே வரிசை எண், பெயர், வயது, ஊர், மருந்து. அடுத்த மாதம் புதுப் பக்கம், திரும்பவும் 1, 2, 3. ஒரே ஆள் பன்னிரண்டு மாதம் வந்தால் பன்னிரண்டு பக்கத்தில் பன்னிரண்டு வேறு எண்ணில் இருப்பார். எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால் உடனே பதில் வரும். இவர் வந்தாரா என்று கேட்டால் வராது.

இதோடு எங்கள் ஊர்ப் பெயர்கள் வேறு. தருமபுரிப் பக்கம் மாதையன், மாதேஷ், மாதம்மாள், மாது, முனியப்பன், முனியம்மாள் என்று ஒரே முகாமில் ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருப்பார்கள். அப்பா பெயரும் ஒன்றாகவே இருக்கும். வயது போன மாதம் 38, இந்த மாதம் 45 என்று இருக்கும். எழுதுபவர் மாறினால் எழுத்தும் மாறும். கணினியில் ஆங்கிலத்தில் அடிக்கும்போது மாதேஷ் என்ற ஒரு பெயர் மூன்று விதமாக விழும். தேடினால் மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். ஒருமுறை இரண்டு மாதம்மாள்களின் மருந்துச் சீட்டு மாறிவிட்டது. வாங்கிப் பார்த்த அந்த அம்மாவே "இது என் மாத்திரை இல்லீங்க, என்னுது வெள்ளையா சின்னதா இருக்கும்" என்று சொல்லித் தப்பித்தோம்.

இதை எல்லாம் சரிசெய்ய எங்களுக்கு ஒரு செயலி வந்தது. யார் தந்தார்கள் என்பது இங்கே வேண்டாம். நல்ல எண்ணத்தோடுதான் தந்தார்கள். கையில் ஒரு டேப் (கையடக்கக் கணினி), அதில் ஒரு நோயாளிக்கு எண்பதுக்கும் மேற்பட்ட கட்டங்கள். பாதிக்கு மேல் கட்டாயம் நிரப்ப வேண்டியவை. நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது.

முகாமில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வந்துவிடும். பன்னிரண்டரைக்கு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பாதிப் பேர். ஓர் ஆளுக்கு இருபது நிமிடம் டேப்பில் போனால் என்ன நடக்கும்? கட்டத்தைத் தாண்டுவதற்காக எதையாவது போடுவோம். மாதக் கடைசியில் தரவை எடுத்துப் பார்த்தபோது எங்கள் நோயாளிகள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் 120/80. எல்லோருக்கும் எடை முழு எண்ணில். பணியாளர்கள் பொய்யர்கள் இல்லை. கட்டாயக் கட்டம் அவர்களை அப்படி எழுத வைத்தது. காலியாக இருக்கும் கட்டம் உண்மையைச் சொல்கிறது, "பார்க்கவில்லை" என்று. அதில் போட்ட 120/80 யாரையும் காப்பாற்றாது.

இன்னொன்றைச் சொன்னால் இதன் முழு ஆபத்தும் புரியும். கைபேசி எண் கட்டாயம் என்று வைத்திருந்தார்கள். எண் இல்லாதவர்களுக்கு என் எண்ணையே போட்டேன். என் சக பணியாளரும் தன் எண்ணைப் போட்டார். அடுத்த மாதம் முகாமுக்கு முந்தைய நாள், நினைவூட்டும் குறுஞ்செய்திகள் என் போனுக்கு வரிசையாக வந்து விழுந்தன. ஆங்கிலத்தில். யாருக்கு அனுப்ப வேண்டுமோ அவர்களில் ஒருவருக்கும் போகவில்லை. ஆனால் மேலதிகாரிகள் பார்க்கும் திரையில் "நினைவூட்டல் அனுப்பப்பட்டது" என்று பச்சையாகத் தெரிந்தது.

சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் பல இடத்தில் சிக்னல் நிற்காது. சேமித்ததாகக் காட்டிய பதிவுகள் கீழே இறங்கிய பிறகு காணாமல் போயிருக்கின்றன. இணையம் இல்லாமலே வேலை செய்து, பிறகு இணைப்பு கிடைக்கும்போது அனுப்பும் வசதி இல்லாத எந்தச் செயலியையும் மலை ஊர்களுக்குக் கொண்டு வராதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். வாங்குவதற்கு முன்பு டேப்பை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஐந்து பேரைப் பதிவு செய்து பாருங்கள். அது ஒன்றே போதும்.

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு சாதாரண எக்செல் தாள். ஒரு மனிதருக்கு ஒரு வரி. அவ்வளவுதான் முதல் விதி. ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் முழுக்க மாறாத ஓர் எண். அந்த எண்ணை அவர்களுடைய மருந்து நோட்டின் அட்டையில் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதினோம். வந்ததும் பெயர் கேட்பதில்லை, நோட்டைப் பார்ப்போம். பெயரை அதன் பிறகு, மரியாதைக்காகவும் சரிபார்க்கவும் கேட்போம்.

கட்டங்கள் பன்னிரண்டுதான். அதில் உயிர் எது என்றால், "அடுத்து வர வேண்டிய நாள்" என்ற கட்டம். முகாம் முடிந்த அன்று சாயங்காலம் அந்த நாளை வைத்து வரிசைப்படுத்தினால், வந்திருக்க வேண்டியவர்களில் வராதவர்கள் மேலே வந்து நிற்பார்கள். முதல் முறை அப்படிச் செய்தபோது 31 பெயர்கள் வந்தன. எங்களுக்குப் பேச்சே எழவில்லை. ஒவ்வொரு பெயரும் எனக்கு முகம் தெரிந்த பெயர். ஒருத்தரைக்கூட நான் தேடியிருக்கவில்லை.

எக்செலில் தேதி பற்றி ஒரு எச்சரிக்கை, இதில் நாங்கள் அடிபட்டோம். கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 05/06 என்று அடித்தது ஜூன் 5 ஆகாது, மே 6 ஆகிவிடும். 13/06 என்று அடித்தால் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். அப்புறம் வரிசைப்படுத்தினால் பாதிப் பேர் தவறான மாதத்தில், பாதிப் பேர் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். நாங்கள் இப்போது மாதத்தைப் பெயரிலேயே எழுதுகிறோம். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

சரி, பட்டியல் வந்துவிட்டது. யார் கூப்பிடுவது, என்ன சொல்வது?

ஆரம்பத்தில் "ஏன் வரல?" என்று கேட்டோம். அது பள்ளிக்கூடத்து வாத்தியார் கேள்வி. பாதிப் பேர் போனை வைத்துவிட்டார்கள், மீதிப் பேர் "அடுத்த மாசம் வரேங்க" என்றார்கள். பிறகு மாற்றினோம்: "முகாம்லேர்ந்து அக்கா பேசறேன். இந்தத் தடவ உங்களப் பாக்கல. நல்லா இருக்கீங்களா?" இதற்கு ஆட்கள் பேசினார்கள். பேசியதை அப்படியே ஒரு கட்டத்தில் எழுதினோம், எங்கள் வார்த்தையில் இல்லாமல் அவர்கள் வார்த்தையில்.

அந்தக் கட்டம்தான் எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. விழிப்புணர்வு இல்லாததால் வருவதில்லை என்றுதான் அதுவரை நம்பியிருந்தோம். கோயில், மந்திரிப்பு, காற்றுக் கருப்பு என்று போய்விடுகிறார்கள் என்று அறிக்கைகளில் எழுதியும் இருக்கிறோம். அப்படிச் சிலர் உண்டு. ஆனால் பெரும்பாலோர் சொன்னது வேறு. முகாம் நாளில் நூறு நாள் வேலை. 2023 ஜனவரியிலிருந்து அந்த வேலைத் தளங்களில் செயலி வழியாக, ஒரு நாளைக்கு இரண்டு முறை புகைப்படத்தோடு வருகைப் பதிவு கட்டாயமானது. முன்பெல்லாம் காலையில் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் சொல்லி முகாமுக்கு வந்துவிட்டுப் போவார்கள். இரண்டாவது படத்தில் முகம் இல்லையென்றால் கூலி போச்சு. ஒரு துறையின் தொழில்நுட்பம் இன்னொரு துறையின் சிகிச்சையைத் தடுக்கும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். நாங்களும் யோசிக்கவில்லை. அந்த அம்மாக்கள் போனில் சொல்லித்தான் தெரியும்.

எங்களால் முடிந்தது, அந்த ஊர்களுக்கு முகாம் நேரத்தை மாற்றுவது. மருத்துவரிடம் பேசி, வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் மாலை மூன்று மணிக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கினோம். வராதவர் எண்ணிக்கை அடுத்த மாதமே கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

பஸ் கட்டணமும் அப்படித்தான். 2021-இல் இருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவுக்கு இலவசம், கூட வரும் மகனுக்கு டிக்கெட். சில வீடுகளில் "மாத்திரைய நானே வாங்கிட்டு வந்துடறேன்" என்று அம்மா மட்டும் வருவார். மகனை மருத்துவர் பார்த்தே ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். மனநோயும் மாற்றுத்திறன் பட்டியலில் உண்டு. சான்றிதழ் வாங்கினால் அவருக்கும் துணைக்கு வருபவருக்கும் அந்தப் பேருந்துகளில் கட்டணம் கிடையாது. சான்றிதழுக்குத் தகுதியானவர்கள் யார் யார், யாருக்கு இன்னும் வாங்கவில்லை என்று ஒரு கட்டம் சேர்த்தோம். "நோயாளி நேரில் வந்தாரா, வீட்டார் மட்டும் வந்தார்களா" என்று இன்னொன்று. இந்தக் கட்டத்தை எந்தச் செயலியிலும் நான் பார்த்ததில்லை. மாத்திரை வாங்கப்பட்டது என்றால் நோயாளி வந்தார் என்றே கணக்கு.

பக்க விளைவு சொன்னவர்களும் நிறைய. கை இறுகுகிறது, எச்சில் ஒழுகுகிறது, பகலெல்லாம் தூக்கம், மாடு மேய்க்க முடியவில்லை. இவையெல்லாம் மருத்துவர் மருந்தின் அளவை மாற்றினால் சரியாகக்கூடியவை. முகாமில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "டாக்டரு அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு இருந்தாருங்க, எப்படிச் சொல்றது" என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னது டேப்பை. அன்றிலிருந்து மருத்துவர் மேசையில் திரை கிடையாது. அவர் நோட்டில் எழுதுவார், நாங்கள் அப்புறம் கணினியில் ஏற்றுவோம். இரட்டை வேலைதான். மாலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் போகிறது. நோயாளி பேசும்போது எதிரே இருப்பவர் முகம் பார்க்கிறார் என்பதற்கு அந்த ஒரு மணி நேரம் தரத் தகும்.

தேசிய மனநலக் கணக்கெடுப்பை, பெங்களூரில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்தியது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு. சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காடு. இந்த எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் புதியவர்களைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு ஓடுகிறோம். ஓட வேண்டியதுதான். ஆனால் ஒருமுறை கதவு தாண்டி உள்ளே வந்து, நம்மை நம்பி, பின்பு சத்தமில்லாமல் வெளியே போனவரும் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேருகிறார். அவருடைய ஊரும் பெயரும் நம்மிடம் இருக்கிறது. தேடுவது எளிது.

அந்தரங்கம் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லும்போது இன்றும் வயிற்றைப் பிசைகிறது. பட்டியல் நன்றாக வேலை செய்கிறது என்ற சந்தோஷத்தில், எங்கள் குழுவில் ஒருவர் அதைப் படமெடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்தக் குழுவில் அந்தப் பகுதிப் பணியாளர்கள் எல்லாம் இருந்தார்கள், யாராவது வராதவர்களைக் கண்டால் சொல்லட்டும் என்று. பட்டியலில் ஒரு பெண். தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் மருந்து சாப்பிட்டவர், அவ்வளவுதான். அவருக்கு நிச்சயம் செய்யும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பேச்சு நின்றது. அந்தப் பெண்ணின் அப்பா என்னிடம் வந்து சத்தம்கூடப் போடவில்லை. "உங்கள நம்பித்தான் கூட்டியாந்தேன்" என்றார். அவருக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அதன் 23-ஆவது பிரிவு, நோயாளியின் தகவல் ரகசியமாகக் காக்கப்பட வேண்டியது அவருடைய உரிமை என்கிறது. 24-ஆவது பிரிவு புகைப்படத்தையும் மின்னணு வடிவத்தில் வைத்திருக்கும் தகவலையும் பற்றியே பேசுகிறது. சட்டம் எங்களுக்குத் தெரியும். பயிற்சியில் படித்திருக்கிறோம். படித்ததும் ஒரு சாயங்காலத்து அவசரத்தில் கை செய்வதும் வேறாக இருந்தது. இப்போது வெளியே போகும் பட்டியலில் பெயர் கிடையாது, எண் மட்டும். எண்ணுக்குரிய பெயர்த் தாள் தனிக் கோப்பு, தனிக் கடவுச்சொல், இரண்டு பேரிடம் மட்டும். நோயின் பெயர் எந்தப் பட்டியலிலும் போவதில்லை. வீடு தேடிப் போகிறவருக்கு அது தேவையும் இல்லை. கைபேசியில் படமெடுப்பது அறவே நின்றது.

போனிலும் அப்படித்தான். பதிவு செய்யும்போதே மூன்று கேள்வி கேட்கிறோம். இந்த எண் யாருடையது? அவருக்கு நீங்கள் இங்கே வருவது தெரியுமா? நீங்கள் இல்லாமல் அவர் எடுத்தால் நாங்கள் என்ன சொல்ல வேண்டும்? ஒரு பெண் சொன்னார், "ரேஷன் கார்டு விஷயமான்னு கேளுங்க, நான் புரிஞ்சிக்குவேன்" என்று. கணவர் வீட்டில் அவர் மருந்து சாப்பிடுவது மாமியாருக்குத் தெரியாது. அதை எழுதிவைக்க ஒரு கட்டம் வேண்டும். தானாகவே குறுஞ்செய்தி அனுப்பும் எந்தக் கருவிக்கும் இந்த நுணுக்கம் தெரியாது. "மனநல முகாம்" என்ற இரண்டு வார்த்தை தவறான கையில் ஒளிரும் திரையில் விழுந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகும் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

கேள்வித்தாள்களைப் பற்றியும் கொஞ்சம். மனச்சோர்வைக் கண்டறிய பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. "கடந்த இரண்டு வாரங்களில்" என்று தொடங்கும். எங்கள் பக்கத்துப் பாட்டிகளுக்கு இரண்டு வாரம் என்பது பிடிபடாது. "ரெண்டு சந்தைக்கு முன்னாலேர்ந்து" என்றால் உடனே பிடிபடும், சந்தைக்குப் போன நாளும் போகாத நாளும் நினைவில் இருக்கும். "ஆர்வமின்மை" என்றால் விழிப்பார்கள். "எதுலயும் மனசு ஒட்டுதா?" என்றால் கண் கலங்கிவிடும். கேள்வியின் பொருள் மாறாமல் வாய்மொழியை மட்டும் இப்படி எழுதிவைத்து, எல்லோரும் அதையே கேட்டோம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே வீட்டு மொழி தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கும். தமிழில் பதில் சொல்வார்கள், ஆனால் அழுவது தாய்மொழியில்தான். பதிவில் வீட்டு மொழி என்று ஒரு கட்டம் போட்டுவையுங்கள்.

ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பது. இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று புதிய பணியாளர்கள் பயப்படுவார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்கு ஆறுதல். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. செயலியில் அந்தக் கேள்விக்கு 3 என்றே தட்டிவிட்டு அடுத்து போனால், "வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது" என்று வரும். மேற்பார்வையாளர் அதைத் திறந்து பார்ப்பது வாரக் கடைசியில். எங்கள் விதி இப்போது இதுதான்: அந்தக் கேள்விக்குப் பூஜ்யம் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் கருவியைக் கீழே வை, அவர் பக்கத்திலேயே உட்கார், அங்கேயே மருத்துவருக்குப் பேசு. வீட்டாரிடம் சொல்லி, பூச்சி மருந்தை வீட்டிலிருந்து அகற்றிப் பூட்டிவைக்கச் சொல். தனியாக விட்டுவிட்டு வராதே. இரவில் யாரும் கிடைக்காவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய சேவை. மாநில அரசின் சுகாதார உதவி எண் 104-க்கும் அழைக்கலாம். இந்த இரண்டு எண்ணையும் எல்லா மருந்து நோட்டின் பின்னட்டையிலும் ஒட்டியிருக்கிறோம்.

வீடியோ வழி ஆலோசனை எங்களுக்குப் பெரிய உதவிதான். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்க முடியாதவர்களை மருத்துவர் திரையில் பார்க்கிறார். ஆனால் காதில் குரல் கேட்கும் நோய் உள்ள ஒருவரை முதல் தடவையே திரை முன் உட்கார வைக்காதீர்கள். ஆளில்லாத பெட்டியிலிருந்து ஒரு குரல் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் என்ன நினைப்பார்? ஒருவர் டேப்பைத் தட்டிவிட்டு ஓடியே போனார். முதல் இரண்டு தடவை மருத்துவரை நேரில் பார்த்துப் பழகிய பிறகு திரையில் பார்த்தால் பயமில்லை.

ஒரு மனிதருக்கு ஒரு வரி என்று வந்த பிறகு, எதிர்பாராத பலன்களும் கிடைத்தன. அடுத்த மாதம் எத்தனை ஊசி, எத்தனை பட்டை மாத்திரை வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கேட்க முடிந்தது. மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய்க்கு லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகம், தைராய்டு நிலையையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். கடைசியாகப் பார்த்தது எப்போது என்ற கட்டம் வந்ததும், ஒரு வருடத்துக்கு மேல் பார்க்காத மூன்று பேர் தெரிந்தார்கள். கோடையில் இங்கே வேர்த்து ஊற்றும், தண்ணீர் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறும். அந்த மூவரையும் அந்த வாரமே பரிசோதனைக்கு அனுப்பினோம். ஓலான்சபின் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எடையும் சர்க்கரையும் கூடலாம், அதற்கும் ஒரு கட்டம்.

சர்க்கரை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அந்தத் திட்டத் தன்னார்வலர் அக்காக்கள் வீடு வீடாகப் போகிறார்கள். நான் முதலில் சொன்ன ஏரியூர்ப் பக்கத்து அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது. அதே திண்ணையில் உட்கார்ந்திருந்த மகனுக்கு மூன்று மாதமாக ஊசி இல்லை. அந்தத் தன்னார்வலருக்கு அதைக் கேட்க வேண்டும் என்று தெரியாது, ஏனென்றால் நாங்கள் சொல்லவில்லை. இப்போது குடும்பத்தாரிடமும் நோயாளியிடமும் அனுமதி வாங்கிய வீடுகளில் மட்டும், "இந்த மாச ஊசி ஆச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லியிருக்கிறோம். நோய் என்ன என்று சொல்வதில்லை.

இன்னும் தீராத சிக்கல், ஊர் விட்டு ஊர் போகிறவர்கள். தேறியதும் பெங்களூர், ஓசூர், திருப்பூர் என்று வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். கிளம்பத்தானே வேண்டும், அதற்குத்தானே சிகிச்சை. அவர்களைத் "தொடர்பு அறுந்தவர்" என்று எழுதி மூடிவிடுவது வழக்கம். நாங்கள் ஒரு பக்கத் தாள் ஒன்று கொடுக்கிறோம்: மருந்தின் பெயர், அளவு, கடைசி ஊசி போட்ட நாள், அடுத்து போட வேண்டிய நாள், ஒத்துக்கொள்ளாத மருந்து. அங்கே உள்ள மருத்துவர் படிக்கும்படி ஆங்கிலத்தில் ஒரு பக்கம், அவர் படிக்கும்படி தமிழில் மறுபக்கம். அதைப் படமெடுத்து அவர் தன் போனில் வைத்துக்கொள்ளட்டும், அது அவருடைய தகவல். பண்டிகைக்கு ஊர் வருவார்கள் என்பதால் பொங்கல், தீபாவளி, ஊர் மாரியம்மன் திருவிழா நாட்களை ஒட்டி ஒரு கூடுதல் முகாம் வைக்கிறோம். அதில் வருகிறவர்கள் பெரும்பாலும் வெளியூரில் வேலை செய்கிறவர்கள்தான்.

ஓசூரிலிருந்து திரும்பக் கூட்டிவந்த அந்தத் தம்பிக்குத் தேறி வர இந்த முறை ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. முதல் முறையைவிட மெதுவாகத்தான் வந்தார். இப்போது காரிமங்கலம் பக்கம் ஒரு மரப்பட்டறையில் வேலை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவுப்படி தன் மருத்துவக் குறிப்பைப் பார்க்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பதால், வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் அவரவர் வரியைப் படித்துக் காட்டி, தப்பு இருக்கிறதா என்று கேட்கிறோம். போன மாதம் அவர் முறை. பெயர், ஊர், ஊசி, தேதி எல்லாம் தலையாட்டிக் கேட்டார். தொடர்பு எண் என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"அது எங்க பக்கத்து வீட்டு அண்ணன் நம்பருக்கா. அம்மாகிட்ட போன் இல்லாததால குடுத்தது."

"மாத்திடலாமா?"

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். புதுப் போன், கண்ணாடி மேல் ஒட்டிய தாள்கூட இன்னும் உரிக்கவில்லை. "இனிமே எதுன்னாலும் என்னையே கூப்புடுங்க" என்று சொல்லி, எண்ணை ஒவ்வொன்றாக, நான் அடித்து முடிக்கும் வரை காத்திருந்து காத்திருந்து சொன்னார்.